சேலத்தின் இரண்டு 'சி': ஒரு முன்னெழுத்தின் பின்னால் இருக்கும் குடும்பப் பெயர்

சேலம் வழக்கறிஞர்களின் பழைய வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து எதிர்ப்படும். ஒருவர் சி. விஜயராகவாச்சாரியார். 1852இல் பிறந்து, 1881இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை ஏற்றவர். மற்றவர் சி. ராஜகோபாலாச்சாரி. 1878இல் பிறந்து, 1900இல் அதே ஊருக்கு அதே தொழிலுக்காக வந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனவர். இருவரும் வைணவ அந்தணர்கள். இருவர் பெயரும் ஆச்சாரி என்ற பட்டத்தோடு முடிகிறது. இருவருக்கும் முன்னெழுத்து 'சி'. அந்த எழுத்தை விரித்தால் இரண்டிடத்திலும் வருவது சக்கரவர்த்தி என்ற ஒரே பெயர். அப்படியானால் இவர்கள் ஒரு குடும்பத்தின் இரண்டு கிளைகளா என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. 'ஆம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியும். ஆனால் அந்த 'ஆம்' எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டால்தான், தமிழ்நாட்டில் குடும்பப் பெயரைத் தேடுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பது விளங்கும்.

முதலில் இந்த 'சி' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஆங்கில எழுத்தின் ஒலிப்பெயர்; தமிழ்ச் சொல்லின் முதலெழுத்து அன்று. சக்கரவர்த்தியைத் தமிழில் சுருக்கினால் 'ச.' என்றுதான் வரவேண்டும். ஆனால் ஆங்கிலப் பதிவேட்டில் இட்ட எழுத்து அப்படியே தமிழுக்கு வந்துவிட்டதால், விவரம் அறியாத ஒருவர் அதைச் சின்னசாமி என்றோ சிதம்பரம் என்றோ விரித்துக்கொள்ள முழு வாய்ப்பு உண்டு. பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. இனி வரும் ஆவணங்களுக்கு அது பயன்படும். பழைய ஆவணங்களில் எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே வகைப் பெயராகவும் இருப்பதில்லை. தந்தையின் பெயர் இருக்கலாம். அதுதான் இன்று பெரும்பான்மை. ஊர்ப்பெயர் இருக்கலாம். சேலம் இராமசாமி முதலியார் என்று அறியப்பட்டவரின் பெயரில் ஊரே முன்னால் நின்றது. சேலத்து நெசவாளர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப்பெயர் முன்னெழுத்தாக நிற்பதைக் காணலாம். இரண்டு எழுத்துகள் இருந்தால் இரண்டு வகை கலந்திருக்கலாம். ராஜாஜியின் மகன் சி. ஆர். நரசிம்மனின் பெயர் இதற்கு நல்ல சான்று: முதல் எழுத்து வம்சப் பெயரான சக்கரவர்த்தி, இரண்டாவது தந்தையின் பெயரான ராஜகோபாலாச்சாரி. ஒரே பெயரில் பரம்பரையும் தலைமுறையும் வரிசையாக அமைந்திருக்கின்றன. மேலைநாட்டுக் குடும்பப் பெயரால் செய்ய முடியாத வேலையை இந்த இரண்டு எழுத்துகள் செய்கின்றன; விரிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

இனி பெயரின் கடைசிப் பகுதியைப் பார்க்கலாம். ஆச்சாரி என்ற முடிவு இருவருக்கும் பொது என்பதால் அதையே உறவுக்குச் சான்றாகக் கொள்வோர் உண்டு. ராஜாஜியின் தந்தை தொரப்பள்ளி முன்சீப் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார். மகனின் பெயர் ஆச்சாரி. மகனுடைய பிள்ளைகளின் பெயர்களில் இந்தப் பட்டம் எதுவுமே இல்லை. மூன்று தலைமுறைக்குள் ஐயங்கார் ஆச்சாரியாகி, பின் மறைந்தும் போயிருக்கிறது. விஜயராகவாச்சாரியாரின் தந்தை சடகோபாச்சாரியார். அங்கே இரண்டு தலைமுறையும் ஒரே முடிவோடு வருகின்றன. ஆகவே கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடுவதில் பயனில்லை. இக்குடும்பங்களில் நிலைத்து நின்றது முன்னால் வந்த சொல்தான். 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தை வைத்துத் தேடும் தரவுத்தளங்கள் தமிழ்ப் பெயர்களில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்: அவை தேடுவது வால்பகுதியை, இங்கே வேர் இருப்பதோ தலைப்பகுதியில்.

சக்கரவர்த்தி என்ற பெயர் நூலகப் பட்டியல்களில் எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் இன்னொரு சிக்கல் எழும். வங்காளத்தில் அது அந்தணர் குடும்பங்களின் பெயர். வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்கரவர்த்தியும் தொல்லியலாளர் திலீப் குமார் சக்கரவர்த்தியும் அந்த மரபினர். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. தமிழ்ச் சமணரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாருக்கோ அது இயற்பெயர். 1936இல் சமணக் காப்பியமான நீலகேசியைப் பதிப்பித்தவரும், தமிழில் சமண இலக்கியம் பற்றி 1941இல் ஆங்கில நூல் எழுதியவரும் அவரே. பட்டியலில் 'சக்கரவர்த்தி, அ.' என்று அவர் பெயர் அமையும்போது, அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவர் அவரை வங்காளி என்று எண்ணிவிடுவது அரிய செயல் அன்று. ஆக, ஒரே எழுத்துத் தொடர் ஓரிடத்தில் குடும்பப் பெயர், ஓரிடத்தில் இயற்பெயர், நம் இரண்டு சேலத்துக்காரர்களுக்கு வம்சப் பெயர். தேடுபொறிக்கு மூன்றும் ஒன்றே.

வைணவ மரபில் இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. நல்லான் சக்கரவர்த்தி என்னும் அடியவர், ஆற்றில் மிதந்து வந்த தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்த வைணவர் ஒருவரின் உடலைக் கரையேற்றி, முறைப்படி இறுதிக்கடன் செய்தார் என்றும், அதற்காக ஊரார் அவரை விலக்கினர் என்றும், ஊர் பொல்லாதவன் என்று தள்ளியவனைப் பெருமாள் தனக்கு நல்லவன் என்று ஏற்றுக்கொண்டார் என்றும் அது செல்லும். ராஜாஜியின் முன்னோர் இவ்வழியினர் என்பது குடும்ப மரபு. தீண்டாமை ஒழிப்பைப் பேசிய ஒருவருக்கு இத்தகைய முன்னோர் வாய்த்தது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு இனிப்பான செய்திதான். ஆனால் குடும்ப மரபும் ஆவணமும் வெவ்வேறு. பல ஊர்களில் பரவிய பல குடும்பங்கள் ஒரே மூதாதையைச் சொல்லிக்கொள்ளும்போது, அம்மூதாதையின் பெயர் இரத்த உறவைக் காட்டுகிறதா, குரு பரம்பரையைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: இரு குடும்பங்களின் கோத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவற்றுக்கிடையே பெண் கொடுத்து எடுத்த வழக்கமும் இருக்கக் கூடாது. கோத்திரம் வேறென்றால் அவர்கள் தந்தைவழிப் பங்காளிகள் ஆக மாட்டார்கள். கோத்திரம் ஒன்றே என்றாலும் உறவு உறுதியாகிவிடாது. மறுப்பதற்கு மட்டுமே இச்சோதனை உதவும்.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பத்துக்கு இவ்விருவரையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது கடினம். ராஜாஜியின் காலத்தில் இன்னொரு ராஜகோபாலாச்சாரி இருந்தார்: சர் பி. ராஜகோபாலாச்சாரி. 1896 முதல் 1901 வரை கொச்சித் திவான், 1907 முதல் 1914 வரை திருவிதாங்கூர்த் திவான், 1920களின் தொடக்கத்தில் சென்னைச் சட்டசபையின் தலைவர். அவருடைய 'பி' பெருங்காவூர் என்ற ஊர். அதேபோல இன்னொரு விஜயராகவாச்சாரியாரும் இருந்தார்: சர் டி. விஜயராகவாச்சாரியார், 1919 முதல் 1922 வரை கொச்சித் திவான். அவருடைய 'டி' திருவாலியங்குடி என்ற ஊர். சேலத்தின் இரண்டு காங்கிரஸ் தலைவர்களுக்கும் பெயரொத்தவர்கள் இருவரும் ஒரே சமஸ்தானத்தில் திவான்களாக இருந்தார்கள் என்பது வேடிக்கையான தற்செயல். சென்னை மாகாணச் சட்டமன்ற நடவடிக்கைகளைப் பெயரைமட்டும் கொண்டு தேடும் மாணவர் ஒருவர், அரசின் பக்கம் நின்ற திவானின் சொற்களை அரசை எதிர்த்த வக்கீலின் வாயில் வைத்துவிடக்கூடும். அந்த ஓர் எழுத்து மட்டுமே அவரைக் காப்பாற்றும். பொருட்குறிப்பு அட்டவணை தயாரிப்போர் அந்த எழுத்தை விட்டுவிட்டால் அதுவும் போயிற்று.

எழுத்தை விட்ட அட்டவணைகள் இருக்கவே செய்கின்றன. 1882இல் செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வலப் பாதையிலிருந்த பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த கலவரம் சேலம் வரலாற்றில் ஆறாத வடு. அதைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கியதை எதிர்த்தும் அவர் வழக்காடினார். அவ்வழக்கு இந்தியத் தீர்ப்புத் திரட்டின் சென்னை வரிசையில், 1884ஆம் ஆண்டின் ஏழாம் தொகுதியில் இருக்கிறது. ஆனால் அங்கே வழக்கின் தலைப்பில் இருப்பது 'விஜய ராகவ' என்ற பெயர் மட்டுமே. முன்னெழுத்து இல்லை, ஆச்சாரி இல்லை, ஒரே பெயர் இரண்டு சொற்களாக உடைந்திருக்கிறது. பிற்கால ஆவணங்களில் அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு விதமாக மாறுகிறது. தில்லி நேரு நினைவு நூலகத்தில் (2023 முதல் அதன் பெயர் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும்) உள்ள அவருடைய கடிதத் தொகுப்பின் பெயரில் 'விஜிய' என்று ஒலிக்கும் கூட்டல்தான் உள்ளது. இன்று மின்வருடல் செய்யப்பட்ட நூல்களில் ஒரே ஒரு கூட்டலை இட்டுத் தேடுபவருக்கு, அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான வழக்கு கண்ணில் படாமலே போய்விடும். சாரியார், சாரி, ஆச்சார்ய, சார் என்று வால்பகுதி மாறும் வடிவங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுவதே இதில் அனுபவமுள்ளவர்களின் பழக்கம்.

இந்தத் தொல்லையை முதலில் முறையாக எதிர்கொண்டவர்கள் நூலகர்கள். 1934இல் தம் பட்டியலாக்க விதிகளை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதனுக்கு இது சொந்தச் சிக்கலும்கூட. அவருடைய 'எஸ்' சீர்காழியின் அன்றைய ஆங்கில வடிவமான ஷியாலி, 'ஆர்' தந்தை இராமாமிர்தம். ஆங்கிலேயர் பெயரில் கடைசிச் சொல்லை எடுத்து முன்னால் போடுவது போலத் தென்னிந்தியப் பெயரிலும் செய்தால், சாதிப் பட்டம் மட்டுமே தலைப்பாக நின்று ஐயர்களும் நாயர்களும் ஒரே குவியலாகிவிடுவார்கள். எனவே பட்டத்தையும் அதற்கு முன்னுள்ள இயற்பெயரையும் சேர்த்தே தலைப்பாக்க வேண்டும் என்பது விதி. முன்னெழுத்து அடைப்புக்குள் பின்னால் போகும். அந்த எழுத்தின் விரிவு தெரிந்தால் அதையும் பதிந்து வைக்கும் நூலகங்கள் உண்டு. ராஜாஜியின் பதிவில் சக்கரவர்த்தி என்ற விரிவும் பிறப்பு இறப்பு ஆண்டுகளும் இருப்பது அப்படித்தான். ஒரு நூலகப் பதிவில் உள்ள அடைப்புக்குறிதான் சில சமயம் ஒரு குடும்பப் பெயருக்கு அச்சில் கிடைக்கும் ஒரே சான்று.

இனி உறவை நிறுவக்கூடிய ஆவணங்களுக்கு வருவோம். பெயரை விட்டு ஊரைப் பிடிப்பதே இங்கே முதல் படி. விஜயராகவாச்சாரியார் சேலத்தில் பிறந்தவர் அல்லர்; செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள பொன்விளைந்த களத்தூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சேலம் நகராட்சிக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில், கன்னடமும் தெலுங்கும் புழங்கும் எல்லைப் பகுதியில் உள்ளது. அன்று அது சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஆகவே ராஜாஜியின் குடும்ப நிலத்தைப் பற்றிய பழைய தாள்களைத் தேடுபவர், எந்த ஆண்டுத் தாள் எந்த மாவட்டத்தின் பெயரில் இருக்கும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். சேலத்தில் அவ்விருவரும் அண்டை வீட்டார் போலத் தோன்றினாலும், அவர்களை ஈன்ற ஊர்களுக்கிடையே ஒரு மாகாணத்தின் பாதி அகலம் இருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் ஆவண ஆழமும் ஒன்றாக இல்லை. செங்கற்பட்டு 1763 முதல் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஜாகீர், அதாவது மானியமாகப் பெற்ற நிலப்பகுதி; அங்கே 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் நடத்திய நில அளவையில் ஊர்வாரியாக வீடுகளும் நிலங்களும் மானியங்களும் குறிக்கப்பட்டன. சேலமும் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) திப்புவுடனான 1792 உடன்படிக்கைக்குப் பின்னரும், ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரும்தான் கும்பெனியிடம் வந்தன. களத்தூர்க் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை முந்தைய ஆங்கிலேயர் கால ஆவணம் கிடைக்க வழியிருக்கிறது. தொரப்பள்ளிக்கு அது இல்லை.

என்றாலும் இரண்டு ஊர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க உதவும் ஆவணம் ஒன்று உண்டு: 1858இல் அமைந்த இனாம் கமிஷன் உருவாக்கிய இனாம் பதிவேடு. அந்தணர், கோயில் ஊழியர், கிராம அலுவலர் முதலியோர் அனுபவித்த மானிய நிலம் ஒவ்வொன்றுக்கும், யார் யாருக்குக் கொடுத்தது, எப்போது, இப்போது அனுபவிப்பவர் யார், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்ற கேள்விகளைக் கமிஷன் கேட்டுப் பதிந்தது. வரி விலக்குத் தொடர வேண்டுமானால் குடும்பங்கள் தங்கள் வம்சாவளியைச் சொல்லியாக வேண்டும். சொத்துக்காகச் சொன்னதாயினும், எழுதிய நாளும் எழுதியவர் பெயரும் உள்ள சாட்சியம் அது; திருமண அழைப்பிதழில் அச்சிடும் பெருமைப் பட்டியலைவிட நம்பத்தக்கது. அதே சமயம், நிலத்தை இழக்க அஞ்சியவர்கள் தத்து எடுத்ததை மறைத்ததும், தொலைவான பங்காளியைச் சொந்த மகன் போல எழுதியதும் உண்டாதலால், அதையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டே பார்க்க வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் மாவட்ட ஆட்சியரக ஆவண அறைகளும்தான் இத்தேடலுக்குரிய இடங்கள்.

ராஜாஜியின் தந்தை முன்சீப் என்ற செய்தியும் ஒரு வழியைத் திறக்கிறது. இதைப் படித்துவிட்டு அவரை நீதிமன்ற நீதிபதி என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். அது கிராம முன்சீப் பதவி. ஊரின் வரிவசூலும் சிறு வழக்குகளும் அவர் பொறுப்பு. பல ஊர்களில் அப்பதவி பரம்பரையாக இறங்கியது. 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அந்த வாரிசுரிமையை ஒழுங்குபடுத்தியது. பதவி யாருக்கு என்று பங்காளிகளுக்குள் தகராறு எழுந்தால் வருவாய் அதிகாரியின் முன் வம்சாவளியை வரைந்து காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் ஒழிக்கப்படும் வரை இப்படிச் சேர்ந்த கோப்புகள், கிராமக் குடும்பங்களின் உறவுமுறைக்கு மறைமுகமான, ஆனால் வளமான சான்று.

பட்டம் ஒன்றே உறவைக் காட்டும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் தவறாகும் என்பதற்குச் சேலத்தில் இருப்பவர் சேர்வராயன் மலையை அண்ணாந்து பார்த்தாலே போதும். அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பட்டம் கவுண்டன். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும் மற்றவர்கள் பச்சைமலை, கொல்லிமலைக்கும் போனார்கள் என்ற அவர்களுடைய மரபுக்கதையை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். மலையடிவாரத்திலும் கொங்கு வேளாளருக்கும் வேறு சில சமூகத்தாருக்கும் அதே பட்டம்தான். வாக்காளர் பட்டியலில் இவர்கள் அனைவரும் ஒரே வாலுடன் நிற்பார்கள். சாதிச் சான்றிதழ் வழங்கும் வட்டாட்சியருக்கு அந்த வால் எதையும் சொல்லாது.

ஏற்காட்டுக்கு வந்த ஆங்கிலேயருக்கும் இத்தொல்லை இல்லாமல் போகவில்லை. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவருடைய குடும்பப் பெயர் ஃபூட். ஆனால் மகன் ஹென்றியும் புரூஸைச் சேர்த்தே எழுதியதால், ஆய்வு நூல்களின் அகரவரிசையில் தந்தை சில இடங்களில் புரூஸுக்குக் கீழும் சில இடங்களில் ஃபூட்டுக்குக் கீழும் இருக்கிறார். அவருடைய மாமனார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல். அவரும் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். குடும்பப் பெயரைமட்டும் கொண்டு தேடினால் தமிழ் அச்சு வரலாற்றின் பெர்சிவலும் தமிழகத் தொல்லியலின் ஃபூட்டும் ஒரே வீட்டார் என்பது வெளிப்படவே வெளிப்படாது. பெண்வழி உறவைக் குடும்பப் பெயர் எப்போதும் விழுங்கிவிடும். ராஜாஜியின் மகள் லட்சுமியின் பிள்ளைகள் காந்தி என்ற பெயரில் உலகுக்குத் தெரிவதும் அதே விதியால்தான்.

இவ்வளவையும் வைத்துச் சேலத்தின் இரண்டு 'சி'களுக்குத் திரும்பினால், கையில் இருப்பது இதுதான். வம்சப் பெயர் ஒன்று, பட்டம் ஒன்று, ஆனால் அதற்கு மதிப்பில்லை, ஊர்கள் வேறு, சேலத்தில் அவர்கள் சந்தித்தது தொழிலாலும் அரசியலாலும். இந்த அளவில் 'ஒரே மரபுப் பெயரைத் தாங்கிய இருவர்' என்று எழுதலாம். 'உறவினர்' என்று எழுதுவது அவசரம். இருவர் குடும்பக் கோத்திரத்தையும் முதலில் ஒப்பிட வேண்டும். அது ஒத்துவந்தால், பொன்விளைந்த களத்தூருக்கும் தொரப்பள்ளிக்கும் உரிய இனாம் பதிவேடுகளில் சக்கரவர்த்தி என்ற முன்பெயரோடு யார் யார் வருகிறார்கள், தங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு பதிவேடுகளும் மூன்றாவதாக ஓர் ஊரைச் சுட்டினால், தேடல் அந்த மூன்றாவது ஊரின் மானியக் கணக்குக்குப் போகும்.